இரு துறை வீரர் எம். ஜே. கோபாலன்

நம் சாலைக் கடைத்தெருவில் மாலைப் பொழுது ஓய்வறியாதது. கிழக்கேகோட்டைப் பக்கமிருந்து கிள்ளிப்பாலம் வரையில் நீண்டு கிடக்கும் இவ்வீதியில் மளிகையும் பாத்திரமும் துணியும் தோவாளைப் பூவும் விலைபோகும் வேளையில், பின்புறச் சந்துகளில் வேறோர் ஓசையும் எழுகின்றது. நம் வீட்டுப் பிள்ளைகள் பந்தாடும் ஓசையே அது. அதனைத் தொடர்ந்து பெரியவர் ஒருவரின் குரலும் கேட்கும்: "கடைக்கு வந்து கைகொடுக்கிற எண்ணமும் இல்லை, புத்தகத்தைத் தொடுகிற எண்ணமும் இல்லை. பந்து சோறு போடுமா?"

இவ்வினாவை நாம் எள்ளி நகையாட முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாஸ் இக்கடைத்தெருவை உருவாக்கிய நாள் தொட்டு, இங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் யாவும் சோற்றுக்கு வழி தேடி வந்தவையே. நெல்லைச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் வீடு வாசலை விட்டு வந்தவர்கள், விளையாட்டுக்கென ஒரு பொழுதை ஒதுக்கியவர்கள் அல்லர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நாம் கடையை விட்டு எழாமல் இங்கேயே நின்றோம். எனவே, பந்து சோறு போடுமா என்று நம் பெரியவர்கள் கேட்பது பட்டறிவின் குரல்.

ஆயினும் அவ்வினாவுக்கு ஒரு தமிழரின் வாழ்க்கை விடை கூறுகின்றது. அவ்விடை முற்றிலும் இனிப்பானதன்று. முற்றிலும் கசப்பானதும் அன்று. ஆண்டு விழா மலர்களில் புலவர் பெருமக்களின் வரலாறும் புரவலர்களின் வரலாறும் இடம்பெறுவது மரபு. இம்முறை ஒரு பந்தாட்டக்காரரின் வரலாற்றை அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம். அவர்தாம் கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரு ஆட்டங்களிலும் இந்திய நாட்டின் சார்பில் களம் இறங்கிய எம். ஜே. கோபாலன்.

மொறப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் என்பது அவரது முழுப்பெயர். செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் அவர் பிறந்ததாகப் பதிவேடுகள் கூறுகின்றன. அவர் சிறுவராக இருந்தபோதே குடும்பம் சென்னைத் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. ஊரை விட்டாலும் ஊர்ப்பெயரை அவர் விடவில்லை. தம் பெயரின் முதலெழுத்தில் அதனை இறுதிவரை சுமந்தார். கடைப்பலகையிலும் ரேஷன் அட்டையிலும் பாட்டனார் ஊரின் முதலெழுத்தைத் தாங்கி நிற்கும் நம்மவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

அக்காலத்துச் சென்னையில் கிரிக்கெட் ஆட்டம் நிலவிய முறையை ஈண்டுச் சற்று விளக்குதல் வேண்டும். சேப்பாக்கம் மைதானம் ஐரோப்பியர் சங்கத்தின் வசம் இருந்தது. அங்கு ஆட வந்த இந்தியர்கள் மண்டபத்தினுள் அமர இடமின்றி மரத்தடியில் அமர்ந்து உண்ண நேர்ந்ததாக அக்கால வரலாறு கூறுவர். இந்நிலைக்கு மாற்றாக, இந்தியர்களுக்கென 1888-ஆம் ஆண்டில் சென்னை ஐக்கியச் சங்கத்தை நிறுவியவர் புச்சி பாபு நாயுடு. இந்தியர் ஓர் அணியாகவும் ஐரோப்பியர் ஓர் அணியாகவும் எதிர்நிற்கும் மாகாணப் போட்டிக்கு வித்திட்டவரும் அவரே. அவர் மறைந்த பின் அப்போட்டி வேரூன்றி, ஆண்டுதோறும் பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் நடைபெறலாயிற்று. ஆளுவோரும் ஆளப்படுவோரும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எதிரெதிரே நின்ற இடங்கள் அந்நாளில் மிகச் சில. அவற்றுள் ஒன்று அந்தப் பொங்கல் ஆட்டம்.

கோபாலன் வேகப்பந்து வீச்சாளர். பந்தை இருபுறமும் திரும்பச் செய்யும் ஆற்றல் அவர் கையில் இருந்தது. மட்டை பிடித்தும் பயன் தருவார். இத்திறனை முதலில் இனங்கண்டவர் ஓர் ஆங்கிலேயர் என்பது எண்ணத்தக்கது. சி. பி. ஜான்ஸ்டன் என்னும் அவர் இங்கிலாந்தின் கென்ட் மாவட்ட அணிக்கு ஆடியவர். சென்னையில் ஐரோப்பியர் அணியின் தூண்களுள் ஒருவர். பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் உயர் பணியில் இருந்தவர். எதிரணியில் பந்து வீசிய இளைஞரைப் பாராட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. தம் நிறுவனத்திலேயே அவருக்கு வேலை கிடைக்கச் செய்தார்.

பந்து சோறு போட்ட விதம் இதுவே. பந்து நேரடியாகச் சோறு போடவில்லை. சோறு போடும் வேலையொன்றைப் பெற்றுத் தந்தது. கூலிக்கு ஆடும் தொழில் வீரர் என்றொரு நிலை அன்றைய இந்திய நாட்டில் பரவலாக இல்லை. அரசர்கள் தங்கள் அரண்மனைகளில் சில வீரர்களைப் பராமரித்தனர். வசதி படைத்த குடும்பத்தார் தம் செலவில் ஆடினர். இவ்விரு நிழலும் இல்லாதவர்க்கு அலுவலகமே புகலிடம். அலுவலகம் விடுப்பு அளித்தால் ஆட்டம் உண்டு, இல்லையேல் இல்லை. கோபாலனுக்கு அந்த விடுப்பு கிடைத்தது. அவர் வேலை பார்த்த அந்நிறுவனம் 1976-இல் நாட்டுடைமையாகி, பின்னர் பாரத் பெட்ரோலியம் என்று பெயர் பெற்றது.

1933-34 பருவத்தில் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. இந்திய மண்ணில் முதன்முதலாக டெஸ்ட் ஆட்டங்கள் நிகழ்ந்த பருவம் அது. கல்கத்தாவில் 1934 ஜனவரி 5-ஆம் நாள் தொடங்கிய இரண்டாம் டெஸ்டில் கோபாலன் இடம்பெற்றார். முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 11 ஓட்டங்களும் அடுத்ததில் 7 ஓட்டங்களும் எடுத்தார். ஒரு விக்கெட்டை வீழ்த்தினார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த டெஸ்ட் பிப்ரவரி 10-ஆம் நாள் சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னை நகரம் கண்ட முதல் டெஸ்ட் ஆட்டம் அது. தம் சொந்த ஊர்த் திடலில் நடந்த அவ்வாட்டத்தில் கோபாலனுக்கு இடமில்லை. கல்கத்தாவில் ஆடிய அந்த நான்கு நாட்களே அவரது டெஸ்ட் வாழ்வின் தொடக்கமும் முடிவும் ஆயின. அதனை அன்று அவரும் அறிந்திருக்க வழியில்லை.

அதே ஆண்டில் மற்றொரு பெருமை அவரைத் தேடி வந்தது. மாகாணங்களும் சமஸ்தானங்களும் தம்முள் மோதும் அகில இந்தியப் போட்டி, பின்னாளில் ரஞ்சிக் கோப்பை என்று நாடறிந்த போட்டி, 1934 நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னையும் மைசூரும் எதிர்நின்றன. அப்போட்டியின் வரலாற்றிலேயே முதல் பந்தை வீசியவர் நம் கோபாலன். மைசூர் அணி 48 ஓட்டங்களிலும் 59 ஓட்டங்களிலும் சுருண்டது. சென்னை எடுத்தது 130. இடக்கை வீச்சாளர் ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளைக் கவர்ந்தார். பல நாள் நடக்க வேண்டிய ஆட்டம் ஒரே நாளில், ஓர் இன்னிங்ஸ் 23 ஓட்ட வேறுபாட்டில் சென்னையின் வெற்றியாக முடிந்தது. அன்று அவர் தொடங்கி வைத்த அப்போட்டியில் திருவிதாங்கூர்-கொச்சி அணி 1951-52 பருவத்தில் அடியெடுத்து வைத்தது. 1957-58 முதல் கேரளம் என்னும் பெயரில் ஆடியது. 2025-இல் முதன்முறையாக இறுதியாட்டம் வரை சென்றது. அந்நாட்களில் சாலைக் கடைகளில் தராசுக்கு நடுவே ஆட்ட நிலவரம் கேட்காதவர் யார்?

இங்கே உலகின் மற்றொரு மூலையையும் எட்டிப் பார்ப்போம். சேப்பாக்கத்தில் முதல் பந்து வீசப்பட்ட அதே நவம்பர்த் திங்களில், 20-ஆம் நாள், ஜப்பானின் ஷிசுவோகா நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அமெரிக்கப் பேரணிக்கு எதிராகப் பந்து வீசினான். ஆட்டம் பேஸ்பால், சிறுவனின் பெயர் ஐஜி சவாமுரா. பேப் ரூத், லூ கெரிக் முதலிய உலகப் புகழ் வீரர்கள் நால்வரை அவன் அடுத்தடுத்து வெளியேற்றினான். ஜப்பான் ஒன்றுக்குச் சுழியம் என்ற கணக்கில் தோற்றபோதிலும் நாடே அவனைக் கொண்டாடியது. அந்த அணியை அடிப்படையாகக் கொண்டு ஆண்டிறுதியில் ஒரு தொழில்முறை அணி பிறந்தது. 1936-இல் தொழில்முறைச் சங்கப் போட்டிகள் தொடங்கின. சவாமுராவுக்குப் பந்தே சம்பளம் தந்தது. ஆனால் போரும் அவரைப் பன்முறை அழைத்தது. 1944 டிசம்பர் 2-ஆம் நாள் அவர் சென்ற கப்பல் கடலில் மூழ்கடிக்கப்பட, இருபத்தேழு வயதில் மாண்டார். ஆண்டின் சிறந்த பந்து வீச்சாளருக்கு அவர் பெயரால் ஜப்பானியர் 1947 முதல் விருது வழங்கி வருகின்றனர்.

ஒரே திங்களில் ஒளிபெற்ற இவ்விருவருள் ஒருவர்க்கு ஆட்டமே தொழிலாயிற்று. மற்றவர்க்குத் தொழிலின் நிழலில் ஆட்டம் வாழ்ந்தது. எது நல்வாழ்வு என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. தொழில்முறை ஆட்டம் இல்லாத நாட்டில், ஒரு வீரரின் கைக்கு எட்டியவை எவை, எட்டாதவை எவை என்பதை உணர்வதற்கே இதனைக் குறித்தோம்.

நிற்க. கோபாலனின் மற்றொரு முகத்துக்கு வருவோம். கிரிக்கெட்டில் பெயர் பெற்ற அதே காலத்தில் அவர் ஹாக்கியிலும் சென்னையின் முன்னணி வீரர். 1928-இலும் 1932-இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணிக்கு ஈடான அணி அன்று உலகில் இல்லை. 1935-இல் அவ்வணி நியூசிலாந்துப் பயணம் மேற்கொண்டது. தலைவர் தியான் சந்த்; உடன் சென்றவர்களுள் ஒருவர் கோபாலன். வழியில் ஆடியவற்றையும் சேர்த்து 48 ஆட்டங்கள். இந்திய அணி போட்ட கோல்கள் 584, வாங்கியவை 40. தியான் சந்த் ஒருவரே 201 கோல்கள் போட்டார். டெஸ்ட் கிரிக்கெட் ஆடிய மறு ஆண்டிலேயே நாட்டின் ஹாக்கி அணியோடு கடல் கடந்த அருஞ்செயல் கோபாலனுடையது. இந்திய விளையாட்டு வரலாற்றில் இவ்விரட்டைப் பேறு பெற்றோர் மிகச் சிலரே.

பேறு இரண்டாக வந்தபோது இடரும் உடன் வந்தது. 1936-ஆம் ஆண்டின் கோடையில் இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்து செல்ல இருந்தது. அதே கோடையில் பெர்லின் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற இருந்தன. கோபாலனுக்குக் கிரிக்கெட் பயணக் குழுவிலும் இடம் கிடைத்தது. ஒலிம்பிக் ஹாக்கிக் குழுவுக்கான தேர்வு ஆட்டங்களுக்கும் அழைப்பு வந்தது. இரண்டிலும் கலந்துகொள்ள இயலாது. ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். அவர் கிரிக்கெட்டைத் தெரிந்தெடுத்தார்.

இன்று நின்று நோக்குவோர் இதனைப் பேதைமை என்று எளிதில் கூறிவிடுவர். அன்றைய நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிரிக்கெட்டில் அவர்க்கு உறுதியான இடம் கையில் இருந்தது. ஹாக்கியில் இருந்தது தேர்வுக்கான அழைப்பு. ஒரு டெஸ்ட் ஆட்டம் ஆடிச் சேப்பாக்கத்தில் விடுபட்ட வீரர், மீண்டும் தம்மை நிலைநாட்டிக்கொள்ள இங்கிலாந்து மண்ணைவிடச் சிறந்த இடம் வேறு எது? பந்தைத் திரும்பச் செய்யும் வீச்சாளர்க்கு அந்நாட்டுக் குளிரும் ஈரமும் துணை புரியும் என்பதும் ஆட்டம் அறிந்தோர் யாவரும் அறிந்ததே. கையிலிருப்பதை நம்பி வருவதை விட்ட கணக்கு அது. வணிகக் குடும்பத்தினராகிய நாம் அக்கணக்கைப் பிழை என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் கணக்கு பொய்த்தது. அக்குழுவின் தலைவர் விஜயநகரம் மகாராஜகுமாரர். ஆட்டத் திறனைவிடச் செல்வாக்கினால் அப்பொறுப்பை அடைந்தவர் என்பதே வரலாற்றாசிரியர்களின் கருத்து. குழுவில் பூசல் மலிந்தது. சிறந்த வீரராகிய லாலா அமர்நாத் முதல் டெஸ்டுக்கு முன்பே தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் இரண்டில் இந்தியா தோற்றது. ஒன்று முடிவின்றி நின்றது. இம்மூன்றில் ஒன்றிலேனும் கோபாலனை இறக்கவில்லை. மற்ற ஆட்டங்களிலும் அவர் பெரும்பாலும் வெளியில் அமர்ந்திருக்கவே நேர்ந்தது.

1936 ஆகஸ்டு 15-ஆம் நாளை நினைவில் இருத்துவோம். அன்று இலண்டன் ஓவல் திடலில் மூன்றாம் டெஸ்ட் தொடங்கியது. பதினொருவருள் கோபாலன் இல்லை. அதே நாளில் பெர்லினில் ஹாக்கி இறுதியாட்டம் நடைபெற்றது. தியான் சந்தின் அணி ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. முந்தைய ஆண்டில் கோபாலனோடு தோளோடு தோள் நின்று ஆடியவர்கள் சிலர் அவ்வணியில் இருந்தனர். பதினோராண்டுகள் கழித்து அதே ஆகஸ்டு 15 நம் நாட்டின் விடுதலை நாளாயிற்று. அந்நாள் வரும்போதெல்லாம் அவர் உள்ளத்தில் என்ன நினைவு ஓடியிருக்கும் என்பதை வாசகர்களின் எண்ணத்துக்கே விடுகின்றோம்.

அதே கிரிக்கெட் குழுவில் சென்னையைச் சேர்ந்த மற்றோர் இரு துறை வீரரும் இருந்தார் என்பது வியப்புக்குரியது. புச்சி பாபுவின் மைந்தர் கோட்டா ராமசாமி 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடியவர். நாற்பதாம் வயதில், இரண்டாம் டெஸ்டில் முதன்முறையாக இறங்கி 40, 60 என ஓட்டங்கள் குவித்தார், ஓவலிலும் ஆடினார். கேம்பிரிட்ஜில் பயின்ற, வசதி நிறைந்த வீட்டுப் பிள்ளை அவர். சிற்றூரிலிருந்து வந்து அலுவலகச் சம்பளத்தில் வாழ்ந்தவர் கோபாலன். இருவரும் ஒரே குழுவில் சென்றனர். ஒருவர்க்கு வாய்ப்புக் கிட்டியது, மற்றவர்க்குக் கிட்டவில்லை. திறமை மட்டுமே அனைத்தையும் தீர்மானிப்பதில்லை என்பதைச் சொல்ல வேண்டுமா?

இங்ஙனம் தங்கத்தை இழந்து, டெஸ்டிலும் இடம் பெறாமல் திரும்பிய வீரர் பின்னர் என்ன செய்தார்? இதுவே நாம் கூற வந்த செய்தியின் உயிர். அவர் ஆட்டத்தை விடவில்லை. அலுவலகம் சென்றார், அலுவல் ஓய்ந்ததும் ஆடுகளம் சென்றார். ரஞ்சிக் கோப்பையிலும் மாகாணப் போட்டியிலும் ஆண்டுதோறும் பந்து வீசினார். சென்னை அணிக்குத் தலைமையும் தாங்கினார். முதல்தர ஆட்டங்கள் 78-இல் 194 விக்கெட்டுகளும் 2,916 ஓட்டங்களும் அவர் கணக்கில் உள்ளன. பிற்காலத்தில் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் பணியாற்றினார். தமக்கு மறுக்கப்பட்ட நீதியைப் பிறர்க்கு வழங்கும் இடத்தில் அமர்வது யாவர்க்கும் வாய்ப்பதன்று.

அவரது நெடுங்கால ஆட்டத்தைப் போற்றி 1952-53 பருவத்தில் அவர் பெயரால் ஒரு கோப்பை ஏற்படுத்தப்பட்டது. சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த அவ்வாட்டம் கடலின் இரு கரையையும் இணைத்தது. இலங்கை அணி டெஸ்ட் தகுதி பெறாத அந்நாட்களில், அந்நாட்டு வீரர்கள் தம் திறனை உரசிப் பார்த்த கல் இந்தக் கோபாலன் கோப்பையே. கொழும்பில் 1899-ஆம் ஆண்டு முதல் தமிழர்களுக்கென ஒரு விளையாட்டுச் சங்கம் இருந்து வருகின்றது. தமிழ் யூனியன் என்பது அதன் பெயர். அச்சங்கத்தின் திடலில், இன்று பி. சரவணமுத்துவின் பெயர் தாங்கும் அத்திடலில்தான், 1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது. பிறமொழி சூழ்ந்த நகரில் தமிழர் கூடி அமைத்த சங்கம், அந்நாடு முழுவதற்கும் களமாயிற்று. சங்கம் என்றால் ஆண்டுக்கொரு விழா மட்டுமன்று என்பதை நாமும் எண்ணிப் பார்க்க இதில் இடமுண்டு.

கோபாலன் 2003 டிசம்பர் 21-ஆம் நாள், தொண்ணூற்று நான்காம் வயதில், சென்னையில் காலமானார். அவர் ஆடிய டெஸ்ட் ஒன்றே. அவர் கழுத்தில் ஒலிம்பிக் பதக்கம் விழவில்லை. ஆயினும் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தைப் பற்றிப் பேசுவோர் அவர் பெயரைச் சொல்லாமல் பேச இயலாது.

இனி, நம் சாலைச் சந்துக்குத் திரும்புவோம். பந்து சோறு போடுமா என்று கேட்கும் பெரியவர்க்கு நாம் சொல்லும் விடை இது. ஐயா, இன்று பந்து பலருக்குச் சோறு போடுகின்றது. சிலர்க்குப் பெருஞ்செல்வமும் தருகின்றது. ஆனால் எல்லோர்க்கும் அன்று. எனவே பிள்ளை படிக்கட்டும்; கடையிலும் கைகொடுக்கட்டும். அந்தி வேளையில் ஒரு மணி நேரம் ஆடவும் விடுங்கள். கோபாலனுக்கு ஒரு கையில் அலுவலும் மறு கையில் பந்தும் இருந்தன. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை.

ஆடும் பிள்ளைகட்கும் ஒரு சொல். வாழ்வில் இரண்டு நல்லவை ஒரே நேரத்தில் வந்து, ஒன்றை விடச் சொல்லும் நாள் உங்களுக்கும் வரும். உங்கள் பாட்டனார்க்கும் வந்தது. ஊரா, தொழிலா என்ற கேள்விக்கு அவர் ஒன்றைத் தெரிந்தெடுத்ததனால்தான் நீங்கள் இன்று இவ்வீதியில் ஆடுகின்றீர்கள். தெரிந்தெடுத்தது எப்போதும் பலிப்பதில்லை. பலிக்காதபோது மறுநாள் காலையில் எழுந்து களத்துக்குச் செல்பவரே வீரர். மொறப்பாக்கம் கோபாலன் அவ்வாறு சென்றார். அவர் பெயர் நம் இல்லங்களில் நிலைத்து நிற்பதாக.